பதினான்கு மீட்டர் மலை

எங்கள் ஊரில் மலை கிடையாது.
ஃபிரீஸ்லாந்தில் மேடு என்றால்
கால்வாய்க் கரை,
அல்லது பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை.
அதனால்தான்
செவ்வாயும் வியாழனும் இரவு எட்டரைக்கு
ஒன்பது பிள்ளைகள்
நான் காவல் இருக்கும் கார் நிறுத்தக் கட்டடத்துக்கு
மலை ஏற வருகிறார்கள்.

ஐந்து தளம், பதினான்கு மீட்டர்.
சுற்றிச் சுற்றிப் போகும் சரிவில்
ஏறி இறங்கினால் எழுநூறு மீட்டர் நடை.
தபால் கொடுக்கும் மாரிட்
அனுமதி கேட்டு வந்த அன்று
"கட்டணம் யார் கட்டுவது?" என்றேன்.
"சக்கரம் இல்லாதவர்களுக்கும் உண்டா?" என்றாள்.
விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
இல்லை.

ஜூன் இரண்டாவது சனிக்கிழமை
ஆர்டென் காட்டில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.
விடியலில் தொடங்கி இருட்டுக்குள் முடிக்க வேண்டும்.
அதற்குத்தான் இத்தனையும்.

முதுகுப்பைகளைத் திறக்கச் சொன்னேன், என் வேலை அது.
பூனை மணல், நான்கு கிலோ, பிரிக்காத பை.
தண்ணீர் நிரப்பிய பால் புட்டிகள்.
ஹிடே மட்டும்
வீட்டுப் படகின் நங்கூரத்தையே தூக்கி வந்திருந்தான்.
மலைக்கு எதற்கடா நங்கூரம்?
கனம் கனம்தானே என்றான்.

மழை பெய்தால் கூரையில்லாத தளத்துக்குப் போய்
வேண்டுமென்றே நனைவார்கள்.
ஈரக் காலுறையோடு கடைசிச் சுற்று.
மறுநாள் கொப்புளத்தை எண்ணி
யாருக்கு அதிகம் என்று சண்டை.

எனக்கு எட்டுத் திரைகள்.
எதில் பார்த்தாலும் முன்னால் யில்டௌ.
உள்ளவர்களில் மெதுவானவள்
முதலில் போக வேண்டும், யாரும் தாண்டக் கூடாது,
அது அவர்களுக்குள் ஒப்பந்தம்.
பின்னால் வருகிறவர்கள்
அவள் நடைக்குள் தம் நடையை
மடித்து மடித்து வைத்துக்கொள்வார்கள்.
ஹிடேவின் நடை மட்டும் மடங்காது.
அவள் குதிகாலை மிதித்துவிட்டு
"மன்னிச்சுக்கோ" என்பான்.
ஒலி வராத கேமராதான்.
உதடு அசைவது தெரியும்.

மார்ச்சில் ஒரு வியாழன்
யில்டௌவுக்குக் காய்ச்சல்.
அன்று பார்க்க வேண்டுமே.
எட்டுப் பேர், எட்டுத் திரை,
திரைக்கு ஒருவர்!
ஹிடே கூரையில் தனியே நின்று
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நின்கே இரண்டாம் தளத்தில்
யாருடைய சிவப்புக் காரிலோ சாய்ந்து
காலணியைக் கழற்றினாள்.
மூன்றில் ஒருவன், பேச ஆளில்லாமல்,
தூணில் இருந்த எண்ணைத் தடவினான்.
மாரிட் என் அறை வாசலில் நின்று
எட்டையும் பார்த்தாள்.
ஒரு சொல் சொல்லவில்லை.
எனக்குத்தான் வாய் துறுதுறுத்தது.

அடுத்த செவ்வாய்
மூக்கு சிவந்து அவள் வந்தபோது
வரிசை ஏற்கெனவே நின்றிருந்தது,
முன்னால் ஓர் ஆள் இடம் விட்டு.
ஹிடே அவள் பையிலிருந்த மணலுக்குக் கை நீட்டினான்.
தட்டிவிட்டாள்.
"முதல்ல உன் நங்கூரத்த இறக்கு."
இறக்கினான்.
என் மேசைக்கடியில் வைத்துவிட்டு
ஏழாவது ஆளாகப் போய் நின்றான்.

வெள்ளிக்கிழமை மாலை பேருந்து வந்தது.
நடந்து போகிறவர்களுக்குத்
தடுப்புக் கம்பத்தைத் தூக்கத் தேவையில்லை.
தூக்கினேன்.
ஒன்பது பேரும் குனியாமல் போனார்கள்.

சனி விடியல் ஐந்து மணி.
அங்கே முதல் அடி வைக்கும் நேரம்.
இங்கே எட்டுத் திரையிலும் கார்கள்.
மின்தூக்கி வேலை செய்கிறது,
ஆனாலும் சரிவில் ஏறினேன்.
மூன்றாம் தளத்தில் நிற்க வேண்டியதாயிற்று.
தூணில் கை வைத்தேன்.
மூன்று என்று எழுதியிருந்தது.

கூரையில் காற்று.
தெற்கே பார்த்தால் தட்டையான புல்,
மாடுகள், நீர், மறுபடி புல்.
அதற்கு அப்பால் எங்கேயோ.

எப்படி நடந்தது என்று இன்னும் சேதி இல்லை.
கீழே வந்து நாற்காலியை இழுத்தேன்.
நங்கூரம் கட்டைவிரலில் இடித்தது,
கொப்புளம் வரும்போல.